லேப்டாப்பில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், எப்படி உறுதி செய்வது?

பிப்ரவரி 9, 2025, இரவு

நேராக விஷயத்துக்கு வருகிறேன், தெரிந்தவர்கள் பதில் எழுதுங்கள். என் லேப்டாப்பில் யாரோ வேண்டுமென்றே கைவைத்திருக்கிறார்கள். யார் என்றும் எனக்கு ஒரு ஊகம் உண்டு. எப்படி உறுதி செய்வது என்பதுதான் கேள்வி.

ஈரோட்டில் கணக்கு எழுதும் தொழில். ஜி.எஸ்.டி., வருமான வரி, டேலி கணக்கு மென்பொருள். போன மாதக் கடைசி வரை இரண்டு பேர் சேர்ந்து ஆபீஸ் வைத்திருந்தோம். பொங்கல் முடிந்து, யாருக்கு எந்த வாடிக்கையாளர் என்று பிரிப்பதில் பேச்சு முற்றி, நான் தனியாக ஒரு பழைய வீட்டின் முன்னறைக்கு வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து லேப்டாப் படுத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்து தூங்கிவிடுகிறது. கர்சர் தானாக ஓடுகிறது. ஒரு முறை என் கண் முன்னாலேயே டேலியில் ஒரு வவுச்சர் திறந்தது, நான் கையை எடுத்து மடியில் வைத்திருந்தேன். வைஃபை அடுத்த அறைக்குப் போனால் செத்துவிடுகிறது. எப்போதாவது நீலத்திரை வேறு.

பார்ட்னருக்கு என் பின் நம்பர் தெரியும். ஒரே ஆபீஸில் இருந்தால் தெரியாமல் இருக்குமா? ஜனவரி முதல் வாரம் கீல் உடைந்து ஒரு கடையில் கொடுத்து வாங்கியதும் உண்டு. ஆனால் கடைக்காரருக்கு என்மேல் என்ன கோபம்?

வைரஸ் ஸ்கேன் போடு என்று மட்டும் சொல்லாதீர்கள். போட்டாகிவிட்டது, சுத்தம்.

பிப்ரவரி 10

பதில் எழுதிய எல்லோரும், விண்டோஸ் தன்னில் நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திற என்கிறீர்கள். திறந்தேன். சிவப்புக் குறிகளைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. "கெர்னல் பவர் 41" என்று வரிசையாக நிற்கிறது. கூகுளில் தேடினால் பாதிப் பேர் ஹேக்கிங் என்கிறார்கள், மீதிப் பேர் பவர் சப்ளை என்கிறார்கள்.

சேலத்திலிருந்து எழுதிய அண்ணன் சொன்னதுதான் சரி. 41 என்பது காரணம் அல்ல. போன முறை முறையாக அணைக்கவில்லை என்று அடுத்த முறை துவங்கும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு, அவ்வளவே. நீலத்திரை வந்தாலும் 41, கரண்ட் போனாலும் 41, நாமே கடுப்பாகி பட்டனை அழுத்திப் பிடித்தாலும் 41. என் பட்டியலில் மூன்றாவது வகைதான் அதிகம் இருக்கும் போல.

பிப்ரவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

41-ஐ விட்டுவிட்டு 42-ஐப் பார்த்தேன். அது தூங்கப் போவதற்கான பதிவு. காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது: "பட்டன் அல்லது மூடி". ஒவ்வொரு முறையும் இதே காரணம். பட்டனை நான் தொடவில்லை. மூடி திறந்துதான் இருந்தது, அதைப் பார்த்துத்தானே வேலை செய்துகொண்டிருந்தேன்! மூடி மூடியதாகப் பொய் சொல்ல வைக்க முடியுமா? கீல் மாற்றியபோது உள்ளே ஏதாவது செய்திருப்பார்களோ?

பிப்ரவரி 11

முடியும். என் போன் செய்கிறது.

மூடி மூடியிருக்கிறதா என்று லேப்டாப் பார்ப்பது கண்ணால் அல்ல, காந்தத்தால். மேல்பாகத்தில் ஒரு சின்னக் காந்தம், கீழ்ப்பாகத்தில் அதை உணரும் ஹால் சென்சார். காந்தம் கிட்டே வந்தால் மூடியாயிற்று என்று தூங்கப் போய்விடும். என் போனுக்கு டைரி மாதிரி மடக்கும் உறை. அதை மூடும் நாக்கில் காந்தம். புது இடத்தில் மேஜை சின்னது, போனை டச்பேடுக்கு வலப்பக்கம் லேப்டாப் மேலேயே வைக்கிறேன். இப்போது வைத்துப் பார்த்தேன், தூங்கியது. எடுத்தேன், தட்டினேன், எழுந்தது. திரும்ப வைத்தேன், தூங்கியது. மனைவி எட்டிப் பார்த்து, என்ன விளையாட்டு என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு லேப்டாப் மேல் இன்னொன்றை வைத்தாலும், காந்தக் கொக்கி வைத்த வாட்ச் கட்டியிருந்தாலும் இதே கதிதானாம். சரி, ஒன்று போயிற்று. கர்சர் போகவில்லை.

பிப்ரவரி 13

கர்சர் பற்றி. "யாரோ ரிமோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று எழுதிய தம்பிக்கு: வைஃபையை அணைத்துவிட்டும் ஓடியது. அப்படியானால் ரிமோட் இல்லை. பேட்டரி உப்பி டச்பேடைக் கீழிருந்து தள்ளுகிறதா பார் என்று ஒருவர் சொன்னது நல்ல யோசனை. லேப்டாப்பைச் சமதரையில் வைத்துப் பார்த்தேன், ஆடவில்லை, டச்பேட் மேடாகவும் இல்லை. உங்களுடையது மேடாக இருந்தால் உடனே பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். அது சும்மா இருக்கிற சங்கதி இல்லை, தீப்பிடிக்கும்.

எனக்குத் துப்புக் கொடுத்தது வேறு. சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் உலோக விளிம்பில் மணிக்கட்டு பட்டால் லேசாக எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சுரீர். சார்ஜரைப் பிடுங்கினால் சுரீரும் இல்லை, கர்சர் ஓட்டமும் இல்லை. இந்தப் பழைய வீட்டில் இரண்டு ஓட்டை பிளக்தான். மூன்று முள் சார்ஜரை ஐந்து ரூபாய்க் கன்வெர்ட்டர் போட்டுச் செருகியிருக்கிறேன். எர்த் முள் அந்தரத்தில் நிற்கிறது. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் கண்டென்சர் வழியாகத் துளி மின்சாரம் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் லேப்டாப் உடம்பில் நிற்கும். டச்பேட் நம் விரலின் மின் மாற்றத்தைத்தான் படிக்கிறது. அதற்குள் இது கலந்தால் பேய் பிடித்தாற்போல் ஓடத்தான் செய்யும்.

எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர் பாதிச் செலவு கொடுப்பாரா என்பது தனி விவாதம்.

பிப்ரவரி 14

"மனப்பிராந்தி, டாக்டரைப் பார்" என்று எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு விஷயத்துக்குச் சாதாரணக் காரணம் கிடைத்துவிட்டதால் சந்தேகப்படுவதே பைத்தியக்காரத்தனம் என்று ஆகிவிடாது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் என்று ஒரு பள்ளி மாவட்டம். மாணவர்களுக்கு மேக்புக் கொடுத்து வீட்டுக்கும் எடுத்துப் போகச் சொன்னார்கள். வெப்கேம் பக்கத்துப் பச்சை விளக்கு சில சமயம் மினுக்கென்று எரிந்து அணைவதைப் பிள்ளைகள் பார்த்துக் கேட்டார்கள். ஏதோ கோளாறு என்று பதில் வந்தது. 2010-இல் ஒரு மாணவன் குடும்பம் வழக்குப் போட்டபிறகுதான் வெளியே வந்தது: திருட்டுப்போனால் கண்டுபிடிக்க என்று வைத்த மென்பொருள், பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது ஆயிரக்கணக்கில் படம் எடுத்திருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் ஆனார்கள். அந்தப் பிள்ளைகளிடமும் யாராவது டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.

ஐபோன் கதை எல்லோருக்கும் தெரியும். பழைய போனை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள் என்று வருடக்கணக்கில் ஜனங்கள் புலம்பினார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். 2017 டிசம்பரில், பேட்டரி தேய்ந்த போன்களில் வேகத்தைக் குறைக்கிறோம், திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் என்று ஆப்பிளே ஒத்துக்கொண்டது. நோக்கம் நல்லதோ கெட்டதோ, சொல்லாமல் செய்தார்கள். 2020-இல் பிரான்ஸ் இதற்கு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது.

போலந்தில் ரயில். சர்வீசுக்கு வேறு கம்பெனியிடம் போன ரயில்கள் ஓடவே மறுத்தன. ஒரு ஹேக்கர் குழு உள்ளே போய்ப் பார்த்து, போட்டிப் பட்டறைகளின் ஜி.பி.எஸ். இடங்களே நிரலில் எழுதியிருக்கிறது, அங்கே நின்றால் ரயில் பூட்டிக்கொள்ளும் என்று 2023-இல் சொன்னது. தயாரித்த கம்பெனி மறுக்கிறது. அது அவர்கள் பாடு.

பிப்ரவரி 16

இன்று ஞாயிறு. பின்மூடியைக் கழற்றினேன். யூடியூப்பில் அதே மாடலைக் கழற்றுகிற வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டு. திருகாணிகளை எடுத்த இடத்தின்படி காகிதத்தில் குத்திவைத்தேன். இதைச் செய்யாதவர்கள்தான் நீளத் திருகாணியைக் குட்டை இடத்தில் போட்டு முன்பக்கம் மேடு கிளப்புகிறார்கள். மூலைத் திருகாணி ஒன்று ஏற்கெனவே இல்லை. இன்னொன்றின் தலை வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது.

வைஃபை மர்மம் பார்த்த உடனே தீர்ந்தது. வைஃபை கார்டில் இரண்டு மெல்லிய வயர், ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை, பொட்டு மாதிரி இருக்கும் சின்ன முனையில் அழுத்திப் பொருத்த வேண்டும். கறுப்பு பொருந்தாமல் பக்கத்தில் கிடக்கிறது. ஆன்டெனா இருப்பது திரையைச் சுற்றி. வயர் கீல் வழியாகத்தான் மேலே போகிறது. கீல் மாற்ற வேண்டுமென்றால் இந்த வயரைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியவர் ஒன்றைத் திரும்ப மாட்டவில்லை. அழுத்தினேன், டிக்கென்றது. இப்போது அடுப்படியிலும் வைஃபை வருகிறது.

பழைய ஆபீஸில் இருந்தவரை எனக்கு இது தெரியாததற்குக் காரணம், அங்கே நெட் கேபிளில் வந்தது. புது இடத்துக்கு வந்த பிறகுதான் லேப்டாப் கெட்டது என்று முதல் நாள் எழுதியதில் இந்த ஓட்டை இருக்கிறது. நீலத்திரையும் அப்படித்தானோ? யோசித்தால், பொங்கலுக்கு முன்பே ஒன்று வந்த ஞாபகம்.

பிப்ரவரி 17

ராத்திரி பூராவும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓடவிட்டேன். காலையில் திரை நிறையச் சிவப்பு வரி. ராம் பழுது, நீலத்திரை அதனால்தான்.

இதுவரை படித்து அலுத்தவர்கள் இங்கே கொஞ்சம் கவனியுங்கள். என் லேப்டாப்பில் இரண்டு ராம். ஒன்று கூடவே வந்தது, 8 ஜிபி. இன்னொரு 8 ஜிபி நான் வாங்கிப் போட்டது, டி.டி.ஆர்.4 வகை, வேகம் 3200. அதிகக் காசு கொடுத்து 3200 வாங்கினேன் என்பதால் நம்பர் மறக்காது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் மொத்தம் 16 என்றுதான் காட்டுகிறது, ஆனால் வேகம் 2667. இரண்டு ராம் வேறுவேறு வேகத்தில் இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்தில்தான் ஓடும். அப்படியென்றால் உள்ளே 3200 அல்லாத ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

மறுபடி கழற்றினேன். ஒன்றின் ஸ்டிக்கர் புத்தம் புதுசு, என்னுடைய பழையது. இன்னொன்றின் ஸ்டிக்கர் ஓரம் மஞ்சளடித்துக் கிடக்கிறது, மேலே 2666 என்று எழுதியிருக்கிறது, டாஸ்க் மேனேஜர் 2667 என்று காட்டியது இதைத்தான். நான் வாங்கியதின் வாரன்டிக்காக அன்றைக்கே ராமையும் பில்லையும் சேர்த்துப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். சீரியல் நம்பரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு இலக்கம்கூடச் சேரவில்லை.

ஆக, கைவைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 17, மாலை

ஒரு திருத்தம். "ஒன்றின் ஸ்டிக்கர் புத்தம் புதுசு, என்னுடைய பழையது" என்று அவசரத்தில் குழப்பி எழுதிவிட்டேன். கூடவே வந்த ராம் அப்படியே இருக்கிறது. நான் வாங்கிப் போட்டதைத்தான் எடுத்துவிட்டு மஞ்சள் ஸ்டிக்கரை வைத்திருக்கிறார்கள்.

"பார்ட்னர் எடுத்திருக்கலாமே" என்று கேட்கிறவருக்கு: அவருக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது. யு.பி.எஸ். பீப் அடித்தாலே என்னைக் கூப்பிடுவார்.

பிப்ரவரி 19

கடைக்குப் போனேன். பெயர் கேட்காதீர்கள், போட மாட்டேன். முதலாளி மேஜையில் லேப்டாப், போட்டோ, பில் எல்லாவற்றையும் வைத்தேன். "நம்ம கடையில அப்படியெல்லாம் நடக்காதுங்கண்ணா" என்றார். மெம்டெஸ்ட் சிவப்பைக் காட்டினேன். வாங்கும்போதே செக் பண்ணியிருக்கணும் என்றார். அவர்கள் எழுதிக் கொடுத்த ஜாப் கார்டில் "16 ஜிபி ராம்" என்று இருக்கிறது, இப்போதும் 16 ஜிபி இருக்கிறது, அப்புறம் என்ன என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான். அளவு எழுதி, வேகமும் நம்பரும் எழுதாத சீட்டு அவருக்குத்தான் சாட்சி.

நுகர்வோர் ஆணையம் என்றேன். 5 லட்சத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது, 1915-க்குப் போன் போட்டாலும் புகார் பதிவாகும் என்றேன். குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய் ஒரு பையனிடம் பேசிவிட்டு வந்து, "பையன் மாத்தி வச்சிருப்பான் போல, அவன் இப்ப வேலையில இல்லீங்க" என்று ஒரு 8 ஜிபி 3200 கொடுத்தார். என்னுடையது இல்லை. வேறு கம்பெனி, வேறு நம்பர். வாங்கிக்கொண்டேன். இந்த முறை நம்பரைச் சீட்டில் எழுதி, கையெழுத்தும் வாங்கினேன்.

வீட்டில் மெம்டெஸ்ட் ஓட்டினேன், ஒரு சிவப்பும் இல்லை.

பிப்ரவரி 20

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பவர்ஷெல் தெரிந்தவர்கள் ராம், டிஸ்க் சீரியல் நம்பர்களை ஒரு வரிக் கட்டளையில் எடுக்கலாம். தெரியாதவர்கள் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற நிரலைத் திறந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட். அதில் டிஸ்க் நம்பரோடு எத்தனை மணி நேரம் ஓடியது என்றும் இருக்கும்; "புதுசு" என்று மாட்டிக் கொடுத்தது ஆயிரக்கணக்கான மணி ஓடியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பேட்டரிக்கு விண்டோஸே ஒரு அறிக்கை தரும், முதலில் எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிவைத்துவிடுங்கள், தேதியோடு கிடக்கும்.

ஆனால் பின் நம்பர் கேட்பார்களே, அதற்கு என்ன செய்ய? கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்த ஒரு சோதனை 2022-இல் வெளிவந்தது. லேப்டாப்பில் ஆடியோ டிரைவரை மட்டும் அணைத்துவிட்டு, உள்ளே நடப்பதையெல்லாம் ரகசியமாகப் பதிவு செய்யும்படி ஏற்பாடு செய்து, கடைகளில் கொடுத்தார்கள். சரி செய்ய இரண்டு நிமிடம் போதும், பெர்சனல் ஃபோல்டரைத் திறக்க வேலையே இல்லை. ஆறு கடைகளில் திறந்து பார்த்திருந்தார்கள், அதில் இரண்டில் நகலும் எடுத்திருந்தார்கள். பெண்கள் பெயரில் கொடுத்த லேப்டாப்களைத்தான் அதிகம் குடைந்திருந்தார்கள். கீல், ஃபேன், கீபோர்டு மாற்ற பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் தராதீர்கள். நான் தந்தேன்.

பிப்ரவரி 23

யாராவது கழற்றினால் தெரியத் திருகாணிக்கு நகப்பூச்சு பூசு என்று ஜோக் போட்டவரே, அது ஜோக்கே இல்லை. திருகாணித் தலையில் மினுமினுப்புக் கலந்த நகப்பூச்சைப் பூசி, காய்ந்ததும் கிட்டத்தில் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். யாராவது கழற்றினால் அதே மினுக்குத் துகள்களை அதே இடத்தில் திரும்ப வைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. 2013-இல் ஜெர்மனியில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், 2009-இல், போலந்துக்காரி யோவன்னா ருட்கோவ்ஸ்கா ஹோட்டல் அறையில் விட்டுவிட்டுப் போன லேப்டாப்பில் அறை துடைக்க வருகிறவர் கைவைப்பது எப்படி என்று செய்தே காட்டினார். டிஸ்க்கைப் பூட்டியிருந்தாலும் தப்பாது என்பதுதான் அதில் விஷயம்.

இன்னொரு வழியும் படித்தேன். கண்ணாடிப் பெட்டியில் லேப்டாப்பை வைத்து மேலே பல நிறப் பருப்பு, அரிசி எல்லாம் கலந்து கொட்டி, போட்டோ எடுத்துவிட்டு வெளியூர் போக வேண்டுமாம். யாராவது தொட்டால் பருப்பு இடம் மாறியிருக்கும். என் மனைவியிடம் சொன்னேன். துவரம்பருப்பு என்ன விலை தெரியுமா என்று கேட்டாள்.

பிப்ரவரி 26

சேலத்து அண்ணன் தனியாக ஒன்று கேட்டார், பதிலை இங்கேயே எழுதுகிறேன். "அப்போ பார்ட்னர் மேல் இருந்த சந்தேகம் போயிற்றா?"

இதைக் கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மகாராஷ்டிரத்தில் 2018-இல் நடந்த வன்முறை தொடர்பான பீமா கோரேகான் வழக்கில் கைதான செயல்பாட்டாளர் ரோனா வில்சனின் லேப்டாப்பை 2018 ஏப்ரலில் கைப்பற்றினார்கள். அதன் நகலை ஆராய்ந்த அமெரிக்கக் கம்பெனி ஆர்சனல் கன்சல்டிங் 2021-இல் சொன்னது: 2016 ஜூனில் ஒரு மின்னஞ்சல் இணைப்பு வழியாக நெட்வயர் என்ற வேவு நிரல் உள்ளே வந்திருக்கிறது, சுமார் 22 மாதம் இருந்திருக்கிறது, ஒரு மறைவான ஃபோல்டரில் கடிதங்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. அந்தக் கடிதங்கள் சில, லேப்டாப்பில் இருந்த வேர்டைவிடப் புதிய வேர்டில் தயாரானவை என்பதும் அறிக்கையில் உண்டு. அதே வழக்கில் கைதாகி 2021 ஜூலை 5-ஆம் தேதி காவலிலேயே இறந்துபோன ஸ்டேன் சுவாமி, திருச்சி மாவட்டத்துக்காரர், அவருடைய கணினி பற்றியும் இதே மாதிரி அறிக்கை வந்தது. 2014-இலிருந்து 2019 வரை வேவு என்று. வழக்கை நடத்தும் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை.

எனக்கு உறைத்தது வேறு. அறிக்கை சொல்வது சரியென்றால், இத்தனை வருடமும் அந்த லேப்டாப்கள் பாட்டுக்கு ஓடியிருக்கின்றன. கர்சர் ஓடவில்லை, நீலத்திரை வரவில்லை, சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. வேவு பார்க்க வந்தவன் லேப்டாப்பைப் படுத்த மாட்டான். படுத்தினால் நாம் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுவோம், ஃபார்மட் அடித்துவிடுவோம், அவன் பிழைப்பு கெடும். நம்மைவிட அவனுக்குத்தான் அது நன்றாக ஓட வேண்டும். ராம் திருடுகிற பையனுக்கு அந்தக் கவலை கிடையாது.

நான் இத்தனை நாள் லேப்டாப் படுத்தியதை வைத்துப் பார்ட்னரைச் சந்தேகப்பட்டேன். படுத்தியதற்கெல்லாம் காந்தம், எர்த், வயர், கடைப்பையன் என்று காரணம் வந்துவிட்டது. ஆனால் அவர் கைவைத்தாரா என்ற கேள்வியை இதெல்லாம் தொடவே இல்லை. படுத்தாத இடத்தில் தேட வேண்டும்.

பிப்ரவரி 27

தேடினேன்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஐ.என்.எஃப். என்று ஒரு ஃபோல்டர், அதில் "செட்டப் ஏ.பி.ஐ. டெவ்" என்று ஒரு லாக் ஃபைல். நோட்பேடில் திறக்கும். எந்தச் சாதனத்தை முதல் முறையாகச் செருகினாலும் அதில் தேதி, நேரத்தோடு எழுதிவிடும். பென்டிரைவ் என்றால் "யு.எஸ்.பி. ஸ்டோர்" என்ற சொல்லைத் தேடினால் போதும், சார்ஜுக்காகப் போனைச் செருகியது வேறு பெயரில் இருக்கும். பாதி என்னுடையவை, மாடல் பெயரைப் பார்த்தால் தெரிகிறது. ஒன்று லேப்டாப் கடையில் இருந்த நாளில் செருகியது. கீல் மாற்ற பென்டிரைவ் எதற்கு? பின் நம்பர் கொடுத்த புண்ணியம்.

இன்னொன்று ஜனவரி 20, மதியம் 12:40.

அன்று நான் பவானியில் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்னுக்கு வழக்கமாக 20 கெடு என்பதால் அந்தத் தேதி மறக்காது. அந்த மாதம் 22 வரை நீட்டித்துவிட்டார்கள், அந்தத் தைரியத்தில்தான் லேப்டாப்பை ஆபீஸிலேயே வைத்துவிட்டுப் போனேன். பந்தியில் உட்கார்ந்து எடுத்த போட்டோ 12:52 என்று போனில் இருக்கிறது.

என்ன எடுத்தார்கள்? தெரிய வழியில்லை. எந்த ஃபைலை பென்டிரைவுக்குக் காப்பி செய்தோம் என்று விண்டோஸ் தானாக எழுதிவைக்காது. பின் போட்டுத் திறந்தார்களா என்று பார்க்க செக்யூரிட்டி லாகில், உள்ளே நுழைந்ததைக் குறிக்கும் எண் 4624-ஐத் தேடினேன். அந்த லாக் 20 எம்.பி. நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே போகும். என்னுடையதில் மிகப் பழைய வரி ஜனவரி 28.

பிப்ரவரி 28

பார்ட்னரிடம் கேட்டாயா என்று எத்தனை பேர் கேட்பீர்கள்! கேட்கவில்லை. ஆபீஸில் அப்போது எங்களோடு வேலை பார்த்த பெண்ணிடம் கேட்டேன். வாடிக்கையாளர் யாராவது டேலி பேக்கப் பென்டிரைவில் கொண்டுவந்தால் எந்த மெஷின் சும்மா இருக்கிறதோ அதில் போட்டுப் பார்ப்போம் அண்ணா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இல்லை என்றாள். பொய் சொல்கிற பெண் இல்லை. அப்படி நடந்திருக்கவும் கூடும். ஜனவரி 20 பில்லும் கையுமாகக் கூட்டம் வரும் நாள்தான்.

மார்ச் 2

வக்கீல் நண்பர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அனுமதி இல்லாமல் கணினியைத் திறப்பதும் தகவல் எடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில் வரும், கெட்ட நோக்கத்தோடு என்றால் 66: மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். புகார் கொடுப்பதென்றால் லேப்டாப்பை இனிமேல் தொடாதே, டிஸ்க்கை அப்படியே முழு நகல் எடுத்து, நகல் மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு வை. 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டம், மின்னணு ஆவணத்துக்கு 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் கேட்பார்கள். நான் இத்தனை முறை கழற்றி, மாட்டி, லாகைத் திறந்து பார்த்ததையெல்லாம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆகவே, உங்களுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் என்னைப் போல ஸ்க்ரூ டிரைவரில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் நகல்.

புகார் கொடுக்கப் போவதில்லை. ஒரு பென்டிரைவ் வரியை வைத்து ஒருவர் மேல் கிரிமினல் புகார் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியில் பென்டிரைவின் பெயர்தான் இருக்கிறது, கையின் பெயர் இல்லை.

மார்ச் 6

செய்தது: எல்லா வாடிக்கையாளர்களின் ஜி.எஸ்.டி., வருமான வரிப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். பாஸ்வேர்டு எல்லாம் எக்செல் ஷீட்டில் இருந்தது என்று சொன்னால் திட்டுவீர்கள், அதனால் சொல்லவில்லை. டிஸ்க்கைப் பூட்டினேன், விண்டோஸுக்கு முன்பே துவங்கும் பயாஸுக்குப் பாஸ்வேர்டு வைத்தேன், செக்யூரிட்டி லாக் அளவைக் கூட்டினேன்.

ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உங்கள் தகவல் வெளியே போயிருக்க வாய்ப்பு உண்டு என்று சொன்னேன். வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்று பயந்தேன். சித்தோட்டில் தறி ஓட்டுகிற பெரியவர், "எடுத்துட்டுப் போகட்டும் தம்பி, அதுல கடன் மட்டும்தான இருக்குது" என்றார். இரண்டு பேர் மட்டும் கோபப்பட்டார்கள், நியாயம்தான். ஒருவர் விலகினார். எங்கே போனார் என்று கேட்காதீர்கள், பழைய ஆபீஸுக்குத்தான்.

மார்ச் 7

கேட்டவருக்கு: ஆமாம், எர்த் போட்டாயிற்று. வீட்டுக்காரர் பாதி கொடுக்கவில்லை, வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். போன் உறை மாற்றவில்லை. போனை இப்போது ஜன்னல் திண்டில் வைக்கிறேன்.